குளிர்க்கடலின் சீப்பு

என் தங்கச்சியின் புருஷனைப் பற்றி எழுதும்போது நான் ‘அவர்’ என்றுதான் எழுதுவேன். கடைசியில் நிற்கும் அந்த ‘ர்’ தங்கச்சிக்காக. நேரில் பேசும்போதும் இத்தனை வருடமாக அதைக் காப்பாற்றி வந்தேன். ஒரே ஒரு நாள்தான் தவறியது. அந்த நாளைப் பற்றித்தான் எழுத வந்தேன்.

அவர்கள் இருப்பது ஐரோப்பாவின் வடக்கில், பால்டிக் என்று சொல்கிற கடலின் கரையில் உள்ள ஒரு சிறிய பட்டணத்தில். தங்கச்சி அங்கே வயோதிபர் இல்லம் ஒன்றில் வேலை செய்கிறாள். அவருக்கு மீன் பொதியிடும் தொழிற்சாலையில் வேலை. கல்லடியில் அம்மா தங்கச்சிக்குச் சீதனமாகக் கொடுத்த வீடு என் வீட்டோடு ஒட்டிய வளவில் பூட்டிக் கிடக்கும். வெள்ளிக்கிழமைகளில் திறந்து, கூட்டி, சாமிப்படத்துக்கு விளக்கு வைப்பது நான்தான். இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை ஆடி மாதத்தில் அவர்கள் வருவார்கள். வந்த அன்றே, நான் கூட்டிய வீட்டில் எங்கே தூசி இருக்கிறது என்று அவர் விரலால் தடவிப் பார்ப்பார்.

கடைசியாக வந்தபோது அவருடைய பெரிய பையிலிருந்து கறுப்பு ரப்பர் உடுப்பு ஒன்று வெளியே வந்தது. கையும் காலும் வைத்து, ஆளை உரித்துத் தொங்கவிட்டது போல இருந்தது. தங்கச்சி அதை அசைக்கொடியில் போட்டுக்கொண்டிருந்தாள்.

“இது ஆர்ர உடுப்புகா?” என்று கேட்டேன்.

“அவர்ர. கடலுக்கடியில சுழியோடுற உடுப்பு.”

“அவர் எப்ப சுழியோடப் பழகினவர்?”

அவள் என் முகத்தைப் பார்க்காமல் உடுப்பின் சுருக்கத்தை நீவிவிட்டாள். “அங்க ஒரு கிளப் இருக்கு” என்று மட்டும் சொன்னாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் அவர் அயலட்டை எல்லாரையும் கூப்பிட்டார். பற்றிஸும் ரோல்ஸும் கடையிலிருந்து வந்தன. தங்கச்சி தேத்தண்ணி ஊற்றினாள். ஹோலில் இருந்த பெரிய டீவியில் தன் போனை இணைத்து அவர் படம் காட்டத் தொடங்கினார். நிற்கிற விதத்தைப் பார்த்தால் பல்கலைக்கழகத்துக்கு விரிவுரை எடுக்க வந்தவர் போல இருந்தது.

“அங்கத்தக் கடல் எங்கட கடல் மாதிரி இல்ல” என்றார். “உப்புக் குறைவு. மரத்த அரிக்கிற புழு அங்க சீவிக்காது. எந்தக் காலத்திலயோ தாண்டு அடியில போன பாய்க்கப்பல் கூட பாய்மரத்தோட அப்பிடியே நிக்கும். உங்களுக்கு இதுகள் விளங்காது, இருந்தாலும் சொல்றன்.”

படங்கள் வந்தன. பச்சையும் கறுப்புமான தண்ணீர். ஒரு சுழியோடியின் விளக்கு வெளிச்சத்தில் இரும்புச் சுவர், கம்பிக் கைப்பிடி, யன்னல் இருந்த வட்டத் துளை. இரண்டாம் உலகப்போரில் அந்தக் கடலில் தாண்ட கப்பல்களுக்குக் கணக்கில்லையாம். கண்ணிவெடி பட்டவை, நீர்மூழ்கி அடித்தவை, சொந்தக்காரனே தெரியாமல் அடித்தவை. இவை எல்லாவற்றையும் அவர் பேர் பேராகச் சொன்னார். தன் சொந்தப் பிள்ளைகளின் பிறந்தநாளை அவர் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

பிறகு ஒரு கப்பலில் வந்து நின்றார். போர் முடியப்போகிற மாரிகாலம். சண்டை நெருங்கி வர, பெண்களும் பிள்ளைகளும் கிழடுகளுமாகத் துறைமுகத்துக்கு ஓடிவந்து, இடம் பிடித்து, நெருக்கியடித்து ஏறிய கப்பல். ராவோடு ராவாக அடித்துத் தாட்டுவிட்டார்கள். தண்ணீரில் விழுந்தவர்கள் குளிரிலேயே விறைத்துப் போனார்கள்.

ஹோலில் யாரும் பற்றிஸ் கடிக்கவில்லை. எங்கள் ஒழுங்கையில் அகதியாக ஓடாதவர் யாரும் இல்லை. படுவான்கரையில் ஷெல் விழுந்த நாட்களில் மூட்டையோடு தோணியில் வாவியைக் கடந்து இந்தக் கரைக்கு வந்தவர்கள்தான் பாதிப்பேர். அந்தத் தோணிகளில் ஒன்றில் நானும் இருந்தேன். தோணி ஆடும்போது எல்லோரும் ஒரே பக்கம் பார்க்க வேண்டாம் என்று ஓட்டி கத்தியது இப்போதும் காதில் இருக்கிறது. அவர் அந்த நாளில் கொழும்பில் இருந்து விசாவுக்கு அலைந்துகொண்டிருந்தார். அது குற்றமில்லை. ஆனால் அகதி என்றால் என்ன என்று எங்களுக்கு விளக்கம் சொல்ல வந்தாரே, அதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை.

“அந்தக் கப்பலில இறங்க ஒருத்தருக்கும் அனுமதி இல்ல” என்றார். “அது செத்த ஆக்கள்ர சவக்காலை எண்டு அரசாங்கம் சட்டம் போட்டிருக்கு. ஆனா நான் இறங்கினன்.”

சொல்லிவிட்டுப் பையிலிருந்து ஒரு சிறிய கண்ணாடிப் பெட்டியை எடுத்தார். அடியில் வெல்வெட் துணி. பொத்தானை அழுத்தினால் உள்ளே சின்ன விளக்கு எரியும். துணியின் மேல் ஒரு சீப்பு கிடந்தது. பெண்கள் கொண்டையில் செருகுகிற வளைந்த சீப்பு, மண்ணிறம், ஓரத்தில் இரண்டு பல் முறிந்தது. அதை வெளியே எடுத்துக் கோயில் பிரசாதம் போலக் கை கையாகக் கொடுத்தார். வாங்கியவர்கள் பார்த்தார்கள், “ச்சூ” என்றார்கள், அடுத்தவரிடம் கொடுத்தார்கள்.

எதிர்வீட்டு அக்காவின் கைக்கு வந்ததும் சீப்பு நின்றுவிட்டது. சுனாமியாகக் கடல் வந்த அன்று அவருடைய மகள் நாவலடியில் பெரியம்மா வீட்டில் நின்றாள். உடல் கிடைக்கவே இல்லை. அந்த அக்கா சீப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கேட்டார்.

“இதில தலைமயிர் கிடந்ததா தம்பி?”

நான் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தேன். நல்ல கேள்வி ஒன்று வந்ததே என்ற சந்தோசம் தங்கச்சி புருஷனின் முகத்தில் தெரிந்தது.

“கிடந்தது அக்கா. பொன்னிற மயிர். ரெண்டு மூணு இழை சுத்திக் கிடந்தது. நான்தான் மெல்லமாக் கழுவி எடுத்தன்.”

அந்த அக்கா சீப்பை மேசையில் வைத்தார். சேலைத் தலைப்பில் கையைத் துடைத்தார். “நான் வாறன்” என்று பொதுவாகச் சொல்லிவிட்டு, தேத்தண்ணியை அப்படியே விட்டுவிட்டுப் போய்விட்டார். அவர் போவதைப் பார்த்துக்கொண்டு நின்ற நம் விரிவுரையாளர், “இதுகளுக்கு மனத்தைரியம் காணாது” என்று சொல்லி அடுத்த படத்துக்குப் போனார்.

அடுத்த வாரம் எங்கள் கடலின் பக்கம் அவர் பார்வை திரும்பியது. அதே போரில் ஜப்பான்காரனின் குண்டு விழுந்து தாண்ட பெரிய போர்க்கப்பல் ஒன்று எங்கள் கரைக்கு வெளியே ஆழத்தில் கிடக்கிறது. மீன்பிடிக்கிறவர்கள் அதன் மேலே போய்த் தூண்டில் போடுவார்கள். வெள்ளைக்காரர்கள் வந்து சுழியோடிப் பார்ப்பார்கள். அவ்வளவுதான். நாங்கள் யாரும் அதைப் பற்றி மேடை போட்டுப் பேசியதில்லை.

தோணி வைத்திருக்கிற அயல்வீட்டுக்காரர் அவருக்கு நல்லபடியாகவே சொன்னார். “அண்ணன், சரியான ஆழம் அது. இறங்குறெண்டா அதுக்கெண்டு கூட்டிப்போற ஆக்கள் இருக்காங்க. நேவிட்டயும் கேக்கணும். சும்மா மேல நிண்டு பாக்கிறெண்டா நான் கொண்டுபோறன்.”

“நான் பாக்காத கப்பலா?” என்றார் அவர்.

ஒருவாறு மேலே நின்று பார்ப்பது என்று முடிவாகி, துணைக்கு என் கணவரும் போனார். என் கணவர் அதிகம் பேசாதவர். அன்று மத்தியானம் திரும்பி வந்து கிணற்றடியில் கால் கழுவும்போது உதட்டை மடித்துக்கொண்டு நின்றார்.

“என்ன, கப்பலப் பாத்தாரா?” என்றேன்.

“கப்பல் அவரப் பாத்திருக்கும்.”

பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். கரையிலேயே ரப்பர் உடுப்பைப் போட்டு, கடலைப் பார்த்தபடி, கடலுக்கு முதுகு காட்டியபடி, முழங்கால் தண்ணீரில் நின்றபடி எல்லாம் படம் எடுக்க வைத்திருக்கிறார். தோணி வெளியே போனதும் முகம் வெளுத்துவிட்டது. காலையில் சாப்பிட்ட பிட்டும் இறால் குழம்பும் மீனுக்குப் போயின. கப்பலுக்கு மேலே போய் நின்றதும், கண்ணாடியை மாட்டி, தோணியின் விளிம்பை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, தலையை மட்டும் தண்ணீருக்குள் ஒருதரம் விட்டு எடுத்தாராம். “நீரோட்டம் சரியில்ல, திருப்புங்க” என்றாராம். தோணிக்காரர் மறுபக்கம் பார்த்துச் சிரித்திருக்கிறார்.

“அக்காட்ட, அதான் உன்னட்ட, சொல்லாதீங்க எண்டு சொன்னவர்” என்று என் கணவர் முடித்தார்.

நான் தங்கச்சியிடம் சொல்லவில்லை. தண்ணீரைக் கண்டு பயப்படுவது யாருக்கும் வரலாம். ஆனால் அடுத்த கிழமை கொழும்பிலிருந்து அவருடைய பக்கத்துச் சொந்தக்காரர் வந்திருந்தபோது கண்ணாடிப் பெட்டிக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு சாமான் இருந்தது. பச்சை பூத்த பித்தளை, திருகாணியும் வாயுமாக, உள்ளங்கை நிறையப் பாரம்.

“எங்கட போர்க்கப்பல்ர வால்வு” என்றார் அவர். “அடியில இறங்கி என்ட கையாலயே கழட்டினன். மேல வர மூச்சு முட்டிப்போச்சு.”

என் கணவரும் அங்கேதான் இருந்தார். அவர் ஃபேன் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எங்கிருந்து வந்தது அந்தப் பித்தளை என்று நான் தேடிப் போகவில்லை. அது தானாக வந்தது. யன்னல் துணி எடுக்கக் காத்தான்குடிக்குப் போயிருந்தேன். எங்கள் ஒழுங்கைக்குப் பழைய இரும்பு எடுக்க வருகிற, நாங்கள் காக்கா என்று கூப்பிடுகிற முஸ்லிம் அண்ணனின் கடை அந்தத் தெருவின் மூலையில் இருக்கிறது. என்னைக் கண்டதும் கூப்பிட்டார்.

“தங்கச்சி, உங்கட வெளிநாட்டு மாப்பிள ஊரில நிக்காரா? அந்த வால்வு வேலை செய்யாதெண்டு சொல்லித்தான் குடுத்தன். பிறகு குறை சொல்லப்படாது.”

“எந்த வால்வு காக்கா?”

“பித்தள வால்வு. மண்டூர்ப் பக்கம் வட்டைக்குத் தண்ணி இறைச்ச மெசினில கழட்டினது. துலக்கித் தாறன் எண்டன். வேணாம், ஊத்தையோடயே தாங்க எண்டு வாங்கிட்டுப் போனார். என்னத்துக்கு அவருக்கு?”

“வீட்டில வெச்சுப் பாக்க” என்றேன். அதற்கு மேல் பேசினால் கடை வாசலிலேயே நின்று சிரித்துவிடுவேன் போல இருந்தது.

ஆனால் பஸ்ஸில் வரும்போது சிரிப்பு வரவில்லை. எதிர்வீட்டு அக்கா சேலைத் தலைப்பில் கை துடைத்ததுதான் கண்ணில் நின்றது. வயலுக்குத் தண்ணீர் இறைத்த வால்வைப் போர்க்கப்பலின் வால்வு என்று காட்டுகிற ஆள், அந்தச் சீப்பை எந்தப் பழைய சாமான் கடையில் வாங்கினாரோ. அதைக் காட்டித்தானே பிள்ளையைக் கடலுக்குக் கொடுத்த தாயிடம் மயிர் சுற்றிக் கிடந்தது என்று சொன்னார். வீட்டுக்கு வந்து துணிப் பொட்டலத்தைப் போட்டதும் நேரே தங்கச்சியின் குசினிக்குப் போனேன். அவர் வெளியே போயிருந்தார். தங்கச்சி மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். வால்வின் கதையைச் சொன்னேன்.

“தெரியும்” என்றாள். “வாளியில உப்புத் தண்ணி கரைச்சு அதுக்க போட்டவர். பச்சை பிடிக்கட்டும் எண்டு.”

“அப்ப அந்தச் சீப்பும் கடையில வாங்கினதுதானாகா?”

அவள் கத்தியை வைத்தாள். “இல்ல. அது மெய்யாவே அந்தக் கப்பல்ர.”

“அவர் இறங்கினாரா?”

“அவர் குளத்தில கூட இறங்கமாட்டார். நீந்தத் தெரியாது. கிளப்பில அவருக்கு வேலை வாகனம் ஓட்டுற, உடுப்புக் கழுவுற, தோணியில கோப்பி ஊத்திக் குடுக்கிற. அந்தக் கப்பலுக்கு இறங்கினது வெள்ளையள். பூப்போட்ட பீங்கான், விளக்கு, பித்தளைப் பேர்ப்பலகை எல்லாம் எடுத்து வந்து தங்களுக்க பிரிச்சவங்க. சீப்பு உடைஞ்சது எண்டு ஒருத்தரும் எடுக்கல்ல. இவருக்குக் குடுத்தவங்க.”

“மயிர்?”

“அது அவர் கேள்விக்குச் சொன்ன கதை.”

நான் கதிரையை இழுத்து உட்கார்ந்தேன். அந்த நாட்டுக்காரர் குப்பையைக்கூட நிறம் பார்த்துப் பிரித்துப் போடுகிறவர்கள் என்று இவர் எங்களுக்கு எத்தனை தரம் பாடம் எடுத்திருப்பார். நடுவீதியில் ஒரு வாகனமும் இல்லாவிட்டாலும் சிவப்பு விளக்குக்கு நிற்பார்களாம். அப்படிப்பட்ட கனவான்கள் சனிக்கிழமைகளில் போய், குளிரில் விறைத்துச் செத்த பெண்களின் சாமான்களைக் கிளறி, நல்லதைத் தாங்கள் வைத்துக்கொண்டு, பல் முறிந்ததைக் கோப்பி ஊற்றுகிறவனுக்குக் கொடுத்திருக்கிறார்கள். வாங்கியவரும் அதை வெல்வெட்டில் வைத்து விளக்குப் போட்டிருக்கிறார். இரண்டு பக்கத்திலும் துப்புவதற்கு எனக்கு ஒரு வாய்தானே இருந்தது.

தங்கச்சி மீனைப் பார்த்தபடி பேசினாள். எங்களுக்குள் அவள் இவ்வளவு நேரம் பேசியது எனக்கு நினைவில்லை.

“நான் வேலை செய்யிற இடத்தில ஒரு கிழவி இருக்கா. நான்தான் குளிக்க வாத்து தலை சீவி விடுற. சின்னப்பிள்ளையில அப்பிடி ஒரு கப்பல்ல ஏறி வந்தவ. வேற கப்பல், அது கரை சேந்தது. தாய் பின்னால வாற கப்பல்ல வாறன் எண்டவவாம். இப்ப மறதி வந்து, ஒவ்வொரு நாளும் என்னட்டக் கேப்பா, கப்பல் வந்திட்டுதா எண்டு. நான் அவவுக்குத் தலை சீவிப்போட்டு வீட்ட வந்தா, அலுமாரிக்க விளக்குப் போட்டு இது இருக்கு.”

“இத்தின நாளும் ஏன் பேசாம இருந்த?”

“பேசி என்னகா? அங்க ஒருத்தரும் கூப்பிட்டு விசாரிக்காத மனிசன். அது ஒண்டுதான் அவருக்கு இருந்தது.”

தங்கச்சிக்கு இரக்கம் அதிகம். எனக்கு அவ்வளவு இல்லை.

அவர் பின்னேரம் வந்தார். நான் அந்த ஹோலிலேயே காத்திருந்தேன்.

“தம்பி, அந்த வால்வ நீங்க கொண்டு போங்க. மண்டூரில அத ஒருத்தரும் தேடல்ல. சீப்பக் குடுக்கவேண்டிய இடத்தில குடுங்க.”

அவர் முகம் முதலில் வெளுத்தது, பிறகு சிவந்தது. மண்டூர் எப்படி எனக்குத் தெரியும் என்று அவர் கேட்கவில்லை. “அது என்ட பொருள் அக்கா” என்றார்.

“உங்கட பொருள் எண்டா ஆர்ட்ட வாங்கினீங்க?”

“அதுகள் செத்து எத்தின காலம். இனி அதுகள் சீப்பால தலை இழுக்கப் போகுதுகளா?”

அப்போதுதான் என் ‘ர்’ கைவிட்டுப் போனது. “எதிர்வீட்டில ஒருத்தி இருக்கா. போய் அவட முகத்துக்கு முன்னால நிண்டு இதச் சொல்லு. சொல்லிற்று வா. நீ ஆம்பிளதான் எண்டு நான் ஒத்துக்கொள்றன்.”

அவர் வாயைத் திறந்தார். அதற்குள் தங்கச்சி ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு குசினியிலிருந்து வந்தாள். கண்ணாடிப் பெட்டியைத் திறந்தாள். சீப்பை எடுத்துத் தன் லேஞ்சித் துணியில் சுற்றிக் கைப்பைக்குள் வைத்தாள். விளக்கு எரிந்துகொண்டிருந்த வெறும் பெட்டியை அவர் பக்கம் நகர்த்தினாள்.

“எங்க கொண்டுபோறாய்?” என்றார்.

“அங்க போய் மியூசியத்தில குடுக்க.”

“உனக்கென்ன விசரா? கிளப்பில ஆக்களுக்குப் பிரச்சின வரும்.”

“வரட்டும்.”

“எனக்கும் வரும்!”

“உங்களுக்கு ஏன் வருது? நீங்கதான் இறங்கவே இல்லையே.”

அவர் கதிரையில் உட்கார்ந்தார். ஆள் சின்னதாகிப் போனது போல இருந்தது. தங்கச்சி திரும்பிப் போய் மீனைக் கழுவினாள். எனக்கு அவரைப் பார்த்துப் பாவமாக இருந்தது என்று எழுதினால் நல்லவளாகத் தெரிவேன். ஆனால் அப்படி இருக்கவில்லை.

அங்கே திரும்பிப் போன கிழமையிலேயே அவள் சொன்னபடி செய்தாள். மியூசியத்தில் கையுறை போட்ட ஒரு பெண் சீப்பை வாங்கி, மெல்லிய தாளில் வைத்து, எங்கிருந்து கிடைத்தது என்று கேட்டாளாம். தங்கச்சி உள்ளதை உள்ளபடி சொன்னாள். பொலிஸ் கிளப்புக்குப் போனது. சில வீடுகளிலிருந்து பூப்போட்ட பீங்கான்கள் வெளியே வந்தன. இறங்கியவர்களுக்குத் தண்டம். எங்கள் ஆளையும் கூப்பிட்டு விசாரித்தார்கள். சட்டத்தை மீறிக் கப்பலுக்குள் போனீரா என்று கேட்டபோது, தனக்கு நீந்தவே தெரியாது என்று சொல்லிக் கையெழுத்து வைத்துவிட்டு வந்தாராம். கேட்டுக்கொண்டிருந்த கிளப்காரர்கள் சிரித்தார்களாம். அவர்களுக்குச் சிரிக்க என்ன உரிமை இருந்தது என்றுதான் எனக்கு இன்னும் விளங்கவில்லை.

அந்தக் கிழவி போன மாரியில் இறந்துபோனாள். கடைசி நாள் காலையிலும் தான்தான் தலை சீவி விட்டதாகத் தங்கச்சி சொன்னாள். சீப்பைப் பற்றி அவளிடம் சொல்லவில்லையாம். எதிர்வீட்டு அக்காவிடம் நான் போய், மயிர் கதை பொய் என்று சொன்னேன். “ம்” என்றார். பிறகு, “பொய்யாப் போனது நல்லது” என்றார்.

அவர் இப்போது என்னோடு கதைப்பதில்லை. கிளப் என்ன, வேறு எங்கும் போவதில்லையாம், வேலை முடிந்தால் வீடுதான். தங்கச்சி ஞாயிற்றுக்கிழமை எனக்கு போன் எடுக்கும்போது பக்கத்தில்தான் இருப்பார். என் குரல் கேட்டதும் டீவியின் சத்தத்தைக் கூட்டி வைப்பார். நானும் சத்தமாகவே கதைப்பேன்.